ஜிஏபிடிஎச் ஆன்டிபாடி: எதை வாங்குவது, எப்போது வாங்காமல் விடுவது

வெஸ்டர்ன் பிளாட்டில் (ஜெல்லில் பிரித்த புரதங்களைச் சவ்வுக்கு மாற்றி ஆன்டிபாடியால் கண்டறியும் முறை) ஒவ்வொரு மாதிரியிலும் புரதம் சமமாக ஏற்றப்பட்டதா என்று காட்டும் ஜிஏபிடிஎச் ஆன்டிபாடி தீர்ந்துபோனால், போன முறை வாங்கிய கேட்டலாக் எண்ணையே திரும்ப ஆர்டர் போடுவதுதான் பெரும்பாலான ஆய்வகங்களில் வழக்கம். எதை வாங்கினாலும் 37 கிலோடால்டனுக்குப் (புரத எடையின் அலகு) பக்கத்தில் தடித்த பட்டை ஒன்று வந்துவிடும் என்பதால் யாரும் பெரிதாக யோசிப்பதில்லை. சிக்கல் அங்கேதான் இருக்கிறது. வேறு புரதத்துக்குத் தப்பான ஆன்டிபாடி வாங்கினால் பட்டை வராது, அல்லது வேண்டாத இடத்தில் வரும்; தவறு அன்றைக்கே தெரிந்துவிடும். ஜிஏபிடிஎச்சில் தவறு நேர்ந்தால் எல்லா லேனிலும் (ஒரு மாதிரி ஓடும் தடம்) ஒரே தடிமனில் அழகான பட்டைகள் வரும், படம் கட்டுரைக்கும் போய்விடும், ஆனால் லோடிங் (லேனில் ஏற்றிய புரத அளவு) சமமாக இருந்ததா என்பதற்கு அந்தப் படம் எந்தச் சாட்சியும் சொல்லாது.

குளுக்கோஸை உடைக்கும் கிளைக்கோலிசிஸின் ஆறாவது படியை நடத்தும் நொதி ஜிஏபிடிஎச். கிளிசரால்டிஹைடு-3-பாஸ்பேட்டை 1,3-பிஸ்பாஸ்போகிளிசரேட்டாக மாற்றும்போது கூடவே என்ஏடியை என்ஏடிஎச் ஆக்குகிறது. மனிதப் புரதத்தில் 335 அமினோ அமிலங்கள். செல்லுக்குள் நான்கு துணை அலகுகள் சேர்ந்து இயங்கும். புரதங்களை எடைப்படி பிரிக்கும் எஸ்டிஎஸ் ஜெல்லில் அவை பிரிந்து 36–37 கிலோடால்டனில் ஒற்றைப் பட்டையாக ஓடும்.

வாங்கும் முன் முடிவு செய்ய வேண்டியவை மூன்று. இந்தப் பரிசோதனைக்கு ஜிஏபிடிஎச் பொருந்துமா, ஆன்டிபாடி எந்த விலங்கில் உருவானதாக இருக்க வேண்டும், எச்ஆர்பி (பட்டையை ஒளிரச் செய்யும் நொதி) ஒட்டியதா ஒட்டாததா. குளோனின் (ஆன்டிபாடி தரும் குறிப்பிட்ட செல் வம்சத்தின்) பெயர் இவற்றுக்குப் பிறகுதான் வருகிறது. பலர் இந்த வரிசையைத் தலைகீழாக்கி, "6சி5 நல்லதா, 14சி10 நல்லதா" என்று தொடங்குகிறார்கள்.

ஜிஏபிடிஎச்சா, ஆக்டினா, மொத்தப் புரதமா?

லோடிங் கன்ட்ரோலாக வைக்கும் புரதம் உங்கள் பரிசோதனையில் மாறக்கூடாது. ஜிஏபிடிஎச் வளர்சிதை மாற்ற நொதி. குளுக்கோஸ், இன்சுலின், ஆக்சிஜன் மூன்றோடும் தொடர்புள்ள எந்தப் பரிசோதனையிலும் அதை நம்ப முடியாது. ஆக்சிஜன் குறைந்தால் எண்டோதீலியல் செல்களில் அதன் உற்பத்தி கூடுகிறது. இன்சுலின் கொடுத்தால் கொழுப்புச் செல்களில் அதன் எம்ஆர்என்ஏ ஏறுகிறது. முன்-கொழுப்புச் செல்களை முதிர்ந்த கொழுப்புச் செல்களாக வளர்க்கும்போதும் அது கூடுகிறது. நீரிழிவு, உடல் பருமன், ஹைபாக்சியா (ஆக்சிஜன் குறைவு) ஆகியவற்றில் வேலை செய்பவர்கள் மருந்து கொடுத்த லேனையும் கொடுக்காத லேனையும் ஜிஏபிடிஎச்சால் வகுத்தால், பார்க்க விரும்பிய வேறுபாட்டையே அந்த வகுத்தல் அழித்துவிடலாம், அல்லது இல்லாத வேறுபாட்டை உண்டாக்கிவிடலாம்.

திசுக்களை ஒன்றோடொன்று ஒப்பிடுவது இதைவிட மோசம். 72 மனிதத் திசுக்களில் ஜிஏபிடிஎச் எம்ஆர்என்ஏவை அளந்து 2005 இல் வெளியான ஆய்வில், மிக அதிகமாக இருந்த எலும்புத்தசைக்கும் மிகக் குறைவாக இருந்த மார்பகத் திசுவுக்கும் இடையே 15 மடங்கு வித்தியாசம் இருந்தது. ஈரலையும் தசையையும் ஒரே ஜெல்லில் ஓட்டி ஜிஏபிடிஎச்சால் சமப்படுத்துவதில் பொருளே இல்லை. தசைக்குள்ளேயேகூட, வேகமாகச் சுருங்கும் கிளைக்கோலிட்டிக் இழைகள் மிகுந்த தசையில் அது கூடுதலாக இருக்கும்.

செல் இறப்பு ஆய்வுகளில் இன்னொரு தொல்லை. நைட்ரிக் ஆக்சைடு ஜிஏபிடிஎச்சின் செயல்தளத்திலுள்ள சிஸ்டீனைத் தாக்கினால், அது சியா1 என்ற புரதத்தோடு சேர்ந்து நியூக்ளியஸுக்குள் நகர்கிறது. உயர் குளுக்கோஸில் வைத்த விழித்திரையின் முல்லர் செல்களிலும் இந்த நகர்வு காணப்பட்டிருக்கிறது. செல்லில் மொத்த அளவு மாறாவிட்டாலும், என்பி-40 போன்ற மென்மையான டிடர்ஜென்ட்டில் செல்லை உடைத்து நியூக்ளியஸை அடியில் தள்ளிவிட்டு மேல்திரவத்தை மட்டும் எடுத்தால் ஜிஏபிடிஎச் குறைந்ததுபோல் தெரியும். 1 சதவீத எஸ்டிஎஸ் பஃபரில் நேரடியாக உடைத்து 95 டிகிரி செல்சியஸில் 5 நிமிடம் சூடாக்கி, சோனிகேட் செய்து டிஎன்ஏவின் பிசுபிசுப்பை உடைத்தால் இந்த மயக்கம் வராது. இதே காரணத்தால், நியூக்ளியஸ் பகுதியில் ஜிஏபிடிஎச் பட்டை தெரிந்தால் அதைச் சைட்டோபிளாசக் கலப்பு என்று உடனே எழுதிவிடக்கூடாது. கலப்பைச் சோதிக்க டியூபுலின் (செல்லின் எலும்புக்கூட்டுப் புரதங்களில் ஒன்று) மேல்.

அப்படியானால் பீட்டா-ஆக்டினுக்குப் போகலாமா? அதற்கும் அதற்கே உரிய இடறல்கள் உண்டு. செல் ஒட்டுதல், நகர்வு, ஃபைப்ரோசிஸ், சைட்டோஸ்கெலிட்டனைக் கலைக்கும் மருந்து எதுவானாலும் ஆக்டினைத் தொடும். முதிர்ந்த எலும்புத்தசையில் பீட்டா-ஆக்டின் சொற்பம். அங்கே ஜிஏபிடிஎச்தான் தெளிவாகத் தெரியும். டாக்சால், கோல்ச்சிசின், வின்பிளாஸ்டின் கொடுத்த செல்களில் டியூபுலினைத் தவிர்க்க வேண்டும். வின்குலின் ஏறக்குறைய 120 கிலோடால்டன் என்பதால் சிறிய இலக்குப் புரதங்களோடு மோதாது. ஆனால் 12 சதவீத ஜெல்லில் மேலேயே நெருங்கி நின்றுவிடும், சவ்வுக்கு முழுதாக மாறுவதற்கும் அடம்பிடிக்கும்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் ஒவ்வொரு பிளாட்டிலும் கட்டாயம் செய்ய வேண்டியது மொத்தப் புரதச் சாயம். ஜர்னல் ஆஃப் பயலாஜிக்கல் கெமிஸ்ட்ரி 2015 இலேயே, அளவிடும் பிளாட்டுகளைத் தனி ஒரு ஹவுஸ்கீப்பிங் புரதத்தைவிட (ஜிஏபிடிஎச், ஆக்டின் போல எல்லாச் செல்களிலும் இருப்பது) மொத்தப் புரதத்தால் சமப்படுத்துவதே விரும்பத்தக்கது என்று எழுதியது. பான்சோ எஸ் விலையே இல்லை என்று சொல்லலாம்: 5 சதவீத அசிட்டிக் அமிலத்தில் 0.1 சதவீதம். டிரான்ஸ்ஃபர் (ஜெல்லிலிருந்து மாற்றுதல்) முடிந்த சவ்வை அதில் 5 நிமிடம் ஆட்டி, வடிநீரில் இரண்டு மூன்று முறை அலசினால் வெள்ளைப் பின்னணியில் இளஞ்சிவப்பு லேன்கள் தெரியும். காற்றுக்குமிழி நின்ற இடம் வட்டமான வெள்ளைப் புள்ளியாகத் தெரியும். ஓரத்து லேன் வெளிறியிருந்தால் அதுவும் தெரியும். அப்போதே ஸ்கேன் எடுத்துவிட்டு, டிபிஎஸ்டி என்ற கழுவும் பஃபரில் கழுவினால் நிறம் போய்விடும். பிறகு பிளாக்கிங் (ஆன்டிபாடி வேண்டாத இடங்களில் ஒட்டாதபடி சவ்வை மூடுதல்). மொத்தம் பத்து நிமிட வேலை. ஜிஏபிடிஎச் பட்டையின் மேலேயே குமிழி விழுந்திருந்தால் அதைக் காட்டிக்கொடுப்பதும் இந்தப் படம்தான். ஸ்டெயின்-ஃப்ரீ ஜெல் கட்டுப்படியானால் இன்னும் நல்லது. டிரிப்டோபேனோடு யுவி ஒளியில் வினைபுரிந்து ஒளிரும் சேர்மம் ஜெல்லிலேயே இருப்பதால் டிரான்ஸ்ஃபருக்கு முன்னும் பின்னும் படம் எடுக்கலாம்.

மொத்தப் புரதமே போதும் என்றால் ஜிஏபிடிஎச் எதற்கு? ஒரே செல் வகை, ஒரே வளர்ப்பு நிலை, எஸ்ஐஆர்என்ஏ (ஒரு ஜீனை அடக்கும் சிறு ஆர்என்ஏ) அல்லது குறைந்த நேர மருந்து என்ற எல்லைக்குள் அது நம்பகமாக நிற்கும். இதழ்களின் மதிப்பாய்வாளர்கள் பலர் இன்னும் அதைக் கேட்கவும் செய்கிறார்கள். எஸ்ஐஆர்என்ஏ டிரான்ஸ்ஃபெக்ஷன் வேலை செய்கிறதா என்று பார்க்க ஜிஏபிடிஎச் எஸ்ஐஆர்என்ஏவையே பாசிட்டிவ் கன்ட்ரோலாக வைப்பவர்களுக்கும் இந்த ஆன்டிபாடி தேவை. செல் வளர்த்த மீடியம், சீரம், எக்சோசோம் (செல் வெளியிடும் நுண்பை) தயாரிப்பு ஆகியவற்றுக்கு மட்டும் ஒருபோதும் வேண்டாம். மீடியத்தில் ஜிஏபிடிஎச் தெரிந்தால் செல்கள் உடைந்திருக்கின்றன என்றுதான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

எந்த விலங்கு, எந்தக் குளோன்

அடிக்கடி பார்க்கும் இலக்குப் புரதங்களின் ஆன்டிபாடிகள் எந்த விலங்கில் உருவானவை என்று ஃபிரீசர் பட்டியலைப் பாருங்கள். பாஸ்போ ஆன்டிபாடிகள் (பாஸ்பேட் ஒட்டிய புரதத்தை மட்டும் பிடிப்பவை) வைத்திருக்கும் ஆய்வகத்தில் பெரும்பாலானவை முயலாக இருக்கும். அப்படியென்றால் ஜிஏபிடிஎச் எலியில் உருவானதாக இருக்கட்டும். இலக்குகளின் ஆன்டிபாடிகள் எலி மோனோகுளோனல்கள் (ஒரே குளோனிலிருந்து வருபவை) என்றால் ஜிஏபிடிஎச் முயலாக இருக்கட்டும். இரண்டும் ஒரே விலங்கு என்றால், முதல் ஆன்டிபாடியைச் சவ்விலிருந்து உரிக்காமல் இரண்டாவதைப் போட முடியாது. 37 இல் தெரியும் பட்டைக்கு மேலும் கீழும் பழைய சிக்னல் ஒட்டிக்கொண்டிருக்கும்.

எலிப் பக்கத்தில் முதலில் வருவது 6சி5. முயல் தசையிலிருந்து எடுத்த ஜிஏபிடிஎச்சைக் கொண்டு உருவாக்கிய, ஐஜிஜி1 வகை ஆன்டிபாடி சுரக்கும் ஹைபிரிடோமா (கலப்புச் செல்). மனிதன், எலி, முயல் எனப் பாலூட்டிகளில் பரவலாக வேலை செய்யும். மில்லிபோர், அப்காம், சான்டா குரூஸ் உட்படப் பல நிறுவனங்கள் இதே குளோனை விற்கின்றன. கவனிக்க வேண்டியது இங்கேதான்: குளோன் ஒன்றாக இருந்தாலும் புட்டியிலுள்ள செறிவு ஒன்றல்ல. மில்லி லிட்டருக்கு 1 மில்லிகிராம் இருக்கும் புட்டியை 1:5000 நீர்த்தால் கிடைப்பது மில்லி லிட்டருக்கு 0.2 மைக்ரோகிராம். 0.2 மில்லிகிராம் இருக்கும் புட்டியை 1:1000 நீர்த்தாலும் அதே 0.2 மைக்ரோகிராம்தான். "அந்த நிறுவனத்தின் 6சி5 ஐந்து மடங்கு பலமானது" என்ற பேச்சின் பின்னால் பல நேரம் இந்தக் கணக்கு மட்டுமே இருக்கிறது. விலையையும் இதே கணக்கில்தான் ஒப்பிட வேண்டும்: மைக்ரோகிராமுக்கு எவ்வளவு, மைக்ரோ லிட்டருக்கு எவ்வளவு என்று அல்ல.

எலிப் பக்கத்தில் இன்னொன்று புரோட்டீன்டெக்கின் 1இ6டி9. இது ஐஜிஜி2பி வகை. 1:50,000 நீர்ப்பு என்று சொல்லப்படுவதைப் பார்த்து மிரள வேண்டாம். ஆனால் 10 மில்லி லிட்டருக்கு 0.2 மைக்ரோ லிட்டரை எந்தப் பிப்பெட்டாலும் சரியாக எடுக்க முடியாது. 1 மைக்ரோ லிட்டரை 99 மைக்ரோ லிட்டர் பஃபரில் கலந்து, அதிலிருந்து 20 மைக்ரோ லிட்டரை 10 மில்லி லிட்டரில் விடுங்கள். இலக்கின் ஆன்டிபாடியும் எலி ஐஜிஜி1 என்றால், ஐஜிஜி1-ஐ மட்டும் பிடிக்கும் செகண்டரியும் (முதல் ஆன்டிபாடியைப் பிடிக்கும் இரண்டாவது ஆன்டிபாடி) ஐஜிஜி2பி-ஐ மட்டும் பிடிக்கும் செகண்டரியும் வாங்கி இரண்டையும் ஒரே சவ்வில் வேறு வேறு நிற ஃப்ளோரசன்ஸில் பிரிக்கலாம்.

முயல் பக்கத்தில் செல் சிக்னலிங்கின் 14சி10. மனித ஜிஏபிடிஎச்சின் கார்பாக்சி முனைக்கு அருகிலுள்ள செயற்கைப் பெப்டைடுக்கு எதிரான மோனோகுளோனல். நிறுவனம் சொல்வது 1:1000, 5 சதவீத பிஎஸ்ஏ (மாட்டுச் சீரத்தின் அல்புமின்) கலந்த டிபிஎஸ்டியில், 4 டிகிரியில் இரவு முழுவதும். புட்டியின் விலையைப் பார்த்தால் 6சி5-ஐவிடக் கூடுதலாகத் தெரியும். ஆனால் எலித் திசுவில் வேலை செய்பவர்களுக்கு அந்தப் பணம் வீணல்ல. எலித் திசுவில் எலியின் சொந்த ஐஜிஜி நிறைய இருக்கும்; எலி ஐஜிஜிக்கு எதிரான செகண்டரி அதையும் பிடிக்கும். வெஸ்டர்னில் அது 50–55 கிலோடால்டனிலும் 25 இலும் பட்டையாகத் தெரியும். 37 நல்லவேளையாக இரண்டுக்கும் நடுவில் தப்பிக்கிறது. ஆனால் வெட்டிய திசுவை நிறமேற்றும்போது தப்பிக்க இடமில்லை, பின்னணி முழுக்க ஒளிரும். எலித் திசுவின் இம்யூனோஃப்ளோரசன்ஸுக்கு முயல் குளோன்தான் சரி.

பாலிகுளோனல் (ஒரு விலங்கின் ரத்தத்திலிருந்து எடுத்த பல ஆன்டிபாடிகளின் கலவை)? மலிவு, சிக்னல் பலம், பல இடங்களில் ஒட்டுவதால் புரதத்தில் சிறிய மாற்றம் வந்தாலும் பிடிக்கும். ஆனால் முயலுக்கு முயல், ரத்தம் எடுத்த நாளுக்கு நாள் வேறுபடும். லோடிங் கன்ட்ரோலுக்கு வேண்டியது போன வருடப் பிளாட்டோடு ஒப்பிடக்கூடிய ஒன்று. தொகுப்பு மாறும்போது நீர்ப்பு அட்டவணையை முதலிலிருந்து போட வேண்டியிருக்கும். மிச்சமான பணம் அங்கே போய்விடும். விந்தகத் திசுவில் இன்னொரு அபாயம் இருக்கிறது. விந்தணுவில் ஜிஏபிடிஎச்எஸ் என்று தனி ஜீனிலிருந்து வரும் ஒத்த நொதி உண்டு, மனிதனில் 408 அமினோ அமிலங்கள், முன்முனையில் புரோலின் மிகுந்த நீட்சி. முழுப் புரதத்துக்கு எதிரான பாலிகுளோனல் இரண்டையும் பிடித்து இரட்டைப் பட்டை காட்டக்கூடும். பாலிகுளோனலை லோடிங் கன்ட்ரோலுக்கு வாங்க நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம்.

மோனோகுளோனல் என்றாலே ஒன்றே ஒன்றைத்தான் பிடிக்கும் என்ற நம்பிக்கையிலும் ஓட்டை இருக்கிறது. 2018 இல் வெளியான ஓர் ஆய்வில் சோதித்த 185 ஹைபிரிடோமாக்களில் 59, எதிர்பார்த்த ஆன்டிபாடிச் சங்கிலிகளோடு வேறு சங்கிலிகளையும் சேர்த்து உருவாக்கிக்கொண்டிருந்தன. ரீகாம்பினன்ட் என்று எழுதியிருக்கும் ஆன்டிபாடியில் வரிசை தெரிந்த ஜீனிலிருந்து புரதம் வருவதால் இந்தச் சிக்கலும் இல்லை, தொகுப்பு மாற்றமும் பெரிதாக இருக்காது. ஒரே குளோன் ஹைபிரிடோமா வடிவிலும் ரீகாம்பினன்ட் வடிவிலும் கிடைத்தால் ரீகாம்பினன்டையே எடுங்கள்.

ஈஸ்ட், தாவரம், பாக்டீரியா எதிலாவது வேலை செய்பவர்கள் பாலூட்டிக்கான குளோனை அப்படியே வாங்கிவிட வேண்டாம். நொதி பொதுவானது, எபிடோப் (ஆன்டிபாடி ஒட்டும் இடம்) பொதுவானதல்ல. டேட்டாஷீட்டில் அந்த உயிரினத்தின் பிளாட் படம் இருக்கிறதா என்று பாருங்கள். "கணிப்பின்படி வேலை செய்யும்" என்ற வரி மட்டும் இருந்தால் மாதிரிப் புட்டி கேளுங்கள்.

எச்ஆர்பி ஒட்டியதா, ஒட்டாததா

எச்ஆர்பி ஒட்டிய ஜிஏபிடிஎச்சுக்குச் செகண்டரி தேவையில்லை. ஒரு மணி நேர இன்குபேஷனும் மூன்று கழுவல்களும் மிச்சம். ஒரே விலங்குப் பிரச்சினையும் ஓரளவு தீரும்: முயல் இலக்கை முதலில் பார்த்துவிட்டு, அதன்மேல் எச்ஆர்பி ஒட்டிய முயல் ஜிஏபிடிஎச்சையே போடலாம். ஆனால் முதல் சுற்றில் சவ்வில் உட்கார்ந்த எச்ஆர்பி இன்னும் உயிரோடு இருக்கும். இலக்கின் பட்டை 30–45 கிலோடால்டனுக்குள் இருந்தால் இரண்டும் கலந்துவிடும். 30 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடில் 37 டிகிரியில் 15 நிமிடம் வைத்தால் பழைய எச்ஆர்பி செத்துவிடும், ஆன்டிபாடிகள் சவ்விலேயே இருக்கும். இந்தச் செறிவு தோலை எரிக்கும். கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் தொடக்கூடாது. முடிந்ததும் டிபிஎஸ்டியில் நன்றாகக் கழுவி, வெறும் ஈசிஎல் (எச்ஆர்பியால் ஒளிரும் கரைசல்) போட்டு இருட்டாக இருக்கிறதா என்று ஒரு படம் எடுத்துவிட்டுத்தான் அடுத்ததற்குப் போக வேண்டும்.

ஒட்டியதன் குறை: நீர்த்த கரைசலைச் சேமிக்க முடியாது. ஒட்டாத ஆன்டிபாடியை 0.02 சதவீத சோடியம் அசைடு சேர்த்து 4 டிகிரியில் வைத்துப் பலமுறை பயன்படுத்தலாம். எச்ஆர்பி இருக்கும் எதிலும் அசைடு போனால் நொதி அடங்கிவிடும்; கழுவாமல் விட்ட அசைடுகூடச் செகண்டரியைக் கெடுக்கும். "நேற்று வேலை செய்தது, இன்று பட்டையே இல்லை" என்பதற்கு முதலில் பார்க்க வேண்டியது இது.

இரண்டு நிற ஃப்ளோரசன்ஸ் ஸ்கேனர் இருக்கும் இடத்தில் இந்த வாதமே வேண்டாம். ஒட்டாத எலி ஜிஏபிடிஎச்சை 680 நானோமீட்டரிலும் முயல் இலக்கை 800 இலும் ஒரே நேரத்தில் பாருங்கள். உரித்தல் இல்லை, வெட்டுதல் இல்லை, அளவிடும் எல்லையும் ஈசிஎல்லைவிட அகலம்.

சவ்வை வெட்டித்தான் ஆக வேண்டும் என்றால் வெட்டும் இடத்தைப் பாருங்கள். பலரும் வைத்திருக்கும் நிற லேடரில் (எடை தெரிந்த புரதங்களின் வரிசை) 37 இலேயே ஒரு பட்டை உண்டு. அதன்மேல் கத்தி வைத்தால் ஜிஏபிடிஎச் இரண்டாகப் போய்விடும். 50 இலும் 25 இலும் வெட்டலாம். ஆனால் சைக்ளின் டி1, முழு நீளக் காஸ்பேஸ்-3, அனெக்சின் ஏ2, பி38, ஆக்டின், எர்க் எல்லாம் 33க்கும் 44க்கும் இடையில்தான் நிற்கின்றன. இவற்றில் ஒன்று இலக்கு என்றால் வெட்டும் யோசனையே கைகொடுக்காது. வெட்டாத முழுச் சவ்வின் படத்தைக் கேட்கும் இதழ்களும் பெருகிவிட்டன.

நேர்விகித எல்லை: புட்டி வந்ததும் செய்ய வேண்டியது

ஜிஏபிடிஎச் ஏராளமாக இருப்பதுதான் அதன் பெரிய குறை. 50 கிலோ வரை மட்டுமே காட்டும் தராசில் 80 கிலோவை வைத்தாலும் 100 கிலோவை வைத்தாலும் முள் கடைசிக் கோட்டிலேயே நிற்கும். 30 மைக்ரோகிராம் லைசேட்டில் (உடைத்த செல்லின் கரைசல்) ஜிஏபிடிஎச் பட்டை பெரும்பாலும் அந்த நிலையில்தான் இருக்கிறது. ஒரு லேனில் பாதிப் புரதமே ஏற்றியிருந்தாலும் பட்டைகள் சமமாகத் தெரியும்.

இதைச் சோதிக்க ஒரே ஜெல் போதும். நீங்கள் வழக்கமாகப் பயன்படுத்தும் செல்லின் லைசேட்டின் புரதத்தை பிசிஏ என்ற நிறச் சோதனையில் அளந்து, 1.25, 2.5, 5, 10, 20, 40 மைக்ரோகிராம் என இரட்டித்து ஏற்றுங்கள். எல்லா லேனிலும் ஒரே கன அளவு இருக்கும்படி சாம்பிள் பஃபரால் நிரப்புங்கள், இல்லையென்றால் லேன்கள் கோணலாக ஓடும். 12 சதவீத ஜெல், டிரான்ஸ்ஃபர், பான்சோ, ஸ்கேன். 5 சதவீதக் கொழுப்பில்லாப் பால் பவுடரிலோ பிஎஸ்ஏவிலோ ஒரு மணி நேரம் பிளாக்கிங். பிரைமரி (முதல் ஆன்டிபாடி) இரவு முழுவதும் 4 டிகிரியில். டிபிஎஸ்டியில் 10 நிமிடம் வீதம் மூன்று கழுவல். செகண்டரி 1:10,000, ஒரு மணி நேரம், மறுபடி மூன்று கழுவல். பிறகு 1, 5, 30 விநாடி என மூன்று எக்ஸ்போஷர். ஜெபெக் படத்தில் அளக்கக்கூடாது; 16 பிட் டிஃப் கோப்பில் ஒரு பிக்சல்கூட 65,535ஐத் தொடாத படத்தை எடுங்கள்.

லோடிங்குக்கு எதிராகச் சிக்னலை வரைந்தால் கோடு எங்கே வளைகிறது என்று தெரியும். 2.5 இலிருந்து 5க்குப் போகும்போது சிக்னல் இரட்டித்து, 10 இலிருந்து 20க்குப் போகும்போது இரட்டிக்கவில்லை என்றால், இந்த ஆன்டிபாடியோடு இந்த நீர்ப்பில் 10 மைக்ரோகிராமைத் தாண்டக்கூடாது. இலக்குக்கு 30 மைக்ரோகிராம் வேண்டும் என்றால் வளைவை வலப்பக்கம் தள்ள வேண்டும். முதலில் செகண்டரியை 1:20,000 அல்லது 1:50,000க்குக் குறையுங்கள், அடுத்து பிரைமரியை, கடைசியாக அதிஉணர்திறன் ஈசிஎல்லை விட்டுச் சாதாரண ஈசிஎல்லுக்கு வாருங்கள். அப்படியும் வளைந்தால் அந்த இலக்குக்கு மொத்தப் புரதத்தையே வைத்துக்கொள்ளுங்கள். குளோன்களை ஒப்பிட வேண்டிய சரியான அளவுகோலும் இந்த வளைவுதான். "எது பலமான பட்டை தருகிறது" என்று பார்த்து வாங்குவது இந்த நொதிக்குத் தலைகீழான தேர்வு. பலம் ஏற்கெனவே தேவைக்கு மேல் இருக்கிறது.

பட்டை சொல்லும் குறைகள்

பட்டையின் நடுப்பகுதி வெள்ளையாக, ஓரம் மட்டும் கறுப்பாக வந்தால், சவ்வைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். 37க்குப் பக்கத்தில் மங்கலான பழுப்புக் கோடு தெரியும். எச்ஆர்பி அளவுக்கு மிஞ்சி இருந்து, ஈசிஎல்லைச் சில நொடிகளில் தின்று தீர்த்திருக்கிறது. எக்ஸ்போஷரைக் குறைத்துப் பயனில்லை; ஆன்டிபாடியைக் குறைக்க வேண்டும்.

72–75 அருகில் கூடுதல் பட்டை: டிடிடி (டைசல்ஃபைடுப் பிணைப்பை உடைக்கும் வேதிப்பொருள்) பழையது என்று முதலில் சந்தேகியுங்கள். ஜிஏபிடிஎச்சின் சிஸ்டீன்கள் ஆக்சிஜனேற்றத்தில் டைசல்ஃபைடால் பிணைந்து இரட்டையாகும். சாம்பிள் பஃபரில் 50–100 மில்லிமோலார் புதிய டிடிடி, அல்லது 5 சதவீத பீட்டா-மெர்காப்டோஎத்தனால் சேர்த்து மறுபடி சூடாக்குங்கள். ஹைட்ரஜன் பெராக்சைடு கொடுத்த செல்களில் இது குறிப்பாக வரும்.

37க்குக் கீழே சிறு பட்டைகள் ஏணிபோல் வந்தால் புரதம் சிதைந்திருக்கிறது. செல்லை உடைக்கும்போது புரோட்டியேஸ் இன்ஹிபிட்டர் சேர்க்கவில்லை, அல்லது லைசேட்டைப் பலமுறை உறைய வைத்து உருக்கியிருக்கிறார்கள். பட்டையே இல்லை, பான்சோவில் லேன்கள் இருக்கின்றன என்றால் செகண்டரியின் விலங்கைப் பாருங்கள், பிறகு அசைடைப் பாருங்கள். பிவிடிஎஃப் சவ்வை மெத்தனாலில் நனைக்க மறந்திருந்தால் பான்சோவிலேயே லேன் இருக்காது.

ஒரே சவ்வில் பல முறை பார்ப்பவர்கள் ஜிஏபிடிஎச்சை எப்போதும் கடைசியில் வையுங்கள். உரிக்கும் கரைசல் புரதத்தையும் கொஞ்சம் எடுத்துக்கொண்டுதான் போகும். குறைவாக இருக்கும் இலக்கு அந்த இழப்பைத் தாங்காது.

அளவையும் இயக்கத்தையும் குழப்பிக்கொள்வது இன்னொரு பெரிய தவறு. ஐயோடோஅசிட்டேட், கோனிங்கிக் அமிலம் போன்றவை நொதியை முடக்கும்போது புரதம் அப்படியே இருக்கும், பட்டையும் மாறாது. ஜிஏபிடிஎச் வேலை செய்கிறதா என்பது கேள்வியென்றால், 340 நானோமீட்டரில் என்ஏடிஎச் உருவாகும் வேகத்தை ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டரில் அளக்க வேண்டும். அதற்கு எந்த ஆன்டிபாடியும் வேண்டாம்.

என்ன வாங்கலாம்

மனிதச் செல் வரிசைகள், இலக்குகள் பெரும்பாலும் முயல், சாதாரண ஈசிஎல்: ஒட்டாத 6சி5, அல்லது அதிக நீர்ப்பில் வேலை செய்யும் 1இ6டி9. எலித் திசு, கூடவே நுண்ணோக்கி வேலை: 14சி10. தினமும் நான்கைந்து பிளாட் ஓட்டும், நேரம் பணத்தைவிட இறுக்கமான இடம்: எச்ஆர்பி ஒட்டியது, ஆனால் இலக்கு 30–45க்கு வெளியே இருந்தால் மட்டும். ஹைபாக்சியா, இன்சுலின், கொழுப்புச் செல், பல திசு ஒப்பீடு: எதுவும் வாங்க வேண்டாம், அந்தப் பணத்தில் ஸ்டெயின்-ஃப்ரீ ஜெல் வாங்குங்கள்.

கணக்கும் போட்டுப் பாருங்கள். 100 மைக்ரோ லிட்டர் புட்டி, 1:1000, ஒரு பிளாட்டுக்கு 10 மில்லி லிட்டர் என்றால் 10 பிளாட். அதே புட்டி 1:20,000 இல் நேர்விகிதமாக வேலை செய்தால் 200 பிளாட். சவ்வைச் சிறிய பெட்டியில் வைத்து 5 மில்லி லிட்டரில் முடித்தால் அது இன்னும் இரட்டிக்கும். டேட்டாஷீட்டின் நீர்ப்பு தொடக்கப் புள்ளிதான். உங்கள் லைசேட்டுக்கு அது பெரும்பாலும் மிகை.

இறக்குமதியாகி வரும் புட்டி வழியில் எத்தனை நாள் இருந்தது என்பது நம் கையில் இல்லை, வந்த பிறகு நடப்பது இருக்கிறது. ஐஸ் பேக் உருகியிருந்தால் அன்றைக்கே குறித்து விற்பனையாளருக்குத் தெரிவியுங்கள். புட்டியைத் திறக்கும் முன் சில நொடிகள் சுழற்றுங்கள். மூடியில் ஒட்டிய துளியே ஒரு பிளாட்டுக்கு மேல் வரும். கிளிசரால் கலந்தது -20 டிகிரியில் உறையாது, அப்படியே எடுக்கலாம். கிளிசரால் இல்லாததை 10 மைக்ரோ லிட்டராகப் பிரித்து வையுங்கள். தானாகப் பனி நீக்கும் ஃபிரீசரில் வேண்டாம், அது ஒவ்வொரு சுழற்சியிலும் புட்டியைக் கொஞ்சம் சூடாக்கும். எச்ஆர்பி ஒட்டியதற்கு டேட்டாஷீட் சொல்லும் வெப்பநிலையை மீறாதீர்கள். உறைந்து உருகினால் நொதியின் பலம் குறையும். மூடியில் குளோன், தொகுப்பு எண், திறந்த தேதி, நேர்விகிதச் சோதனையில் கிடைத்த நீர்ப்பு, அதிகபட்ச மைக்ரோகிராம் ஆகிய ஐந்தையும் எழுதுங்கள். கட்டுரையின் செய்முறைப் பகுதிக்கும் அந்த ஐந்தில் நான்கு அப்படியே போகும்.